கும்பகோணத்தில் சின்னதாக டிசைன் கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, பேனருக்கு ஆன்லைனில் நல்ல தமிழ் ஃபான்ட்டை எப்படிப் பார்த்துத் தேர்வு செய்வது?

கூகுள் ஃபான்ட்ஸில் மொழியைத் தமிழ் என்று வடிகட்டி, மாதிரி வாக்கியத்தை அழித்துவிட்டு உங்கள் வாசகத்தையே தட்டச்சு செய்யுங்கள். அங்கே வரும் மாதிரி வரியில் எல்லா ஃபான்ட்டும் அழகாகத்தான் தெரியும். நான் போடுவது: "ஸ்ரீ ஆதிகும்பேஸ்வரர், திருநிறைச்செல்வன், சௌ., மன்னார்குடி, 9.30 – 10.30". ஸ்ரீ உடைகிறதா, கொம்பும் காலும் எழுத்தை ஒட்டி நிற்கின்றனவா, எண்கள் தமிழெழுத்தின் உயரத்தோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள். நீளமான சொல் பத்திரிகையின் அகலத்துக்குள் அடங்குகிறதா என்பதும் இதிலேயே தெரிந்துவிடும். பிறகு அளவைக் குறைத்துப் பாருங்கள். முகவரி வரியில் ணகரச் சுழிகள் அடைத்துக்கொண்டால் அந்த ஃபான்ட் தலைப்புக்கு மட்டும்தான்.

பேனருக்கு பலூ தம்பி 2, பத்திரிகையின் உள்வரிகளுக்கு நோட்டோ செரிஃப் தமிழ், நவீனமாகக் கேட்பவர்களுக்கு முக்தா மலர் அல்லது கட்டமரன். இது என் ருசி. கட்டமரனில் 9 தடிமன்கள் இருப்பதால் ஒரே ஃபான்ட்டில் முழுப் பத்திரிகையையும் முடிக்கலாம். இவை நான்கும் ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸில் வருபவை. வணிக வேலைக்குக் கட்டணமில்லை.

"1000 தமிழ் ஃபான்ட் இலவசம்" வகை ஜிப் கோப்புகளைத் தொடாதீர்கள். பலவும் பாமினி போன்ற பழைய குறியாக்கம் (ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்தவை), உரிமமும் தெரியாது. வாட்ஸ்அப்பில் வாடிக்கையாளர் அனுப்பும் யூனிகோடு வரியை அதில் ஒட்டினால் வேலைக்காகாது.

ஃபோட்டோஷாப்பில் மட்டும் "கொ" சிதறினால் ஃபான்ட்டைத் திட்டாதீர்கள்: பழைய பதிப்புகளில் ப்ரிஃபரன்ஸஸ், டைப் பகுதியில் வேர்ல்ட்-ரெடி லேஅவுட்டை (இந்திய எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் அமைப்பு) தேர்ந்தெடுத்துப் புதிய கோப்பில் தட்டச்சு செய்து பாருங்கள்.