உறுதியில் வரும் 'இன்ட்ரஸ்ட்' வட்டி அல்ல

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு சகோதரி கேட்கிறார்: "எனக்குச் சீதனமாகக் கிடைத்த 20 பேர்ச் வளவை வைத்து, தெரிந்த ஒருவரிடம் 15 இலட்சம் வாங்கப் போகிறேன். தரகர் கொண்டுவந்த ஆங்கிலப் பிரதியில் 'கொண்டிஷனல் ட்ரான்ஸ்பர்' என்று இருக்கிறது. அது ஈடு மாதிரித்தானாம். 'ரைட், டைட்டில் அன்ட் இன்ட்ரஸ்ட்' என்ற இடத்தில் வட்டியும் எழுதியிருக்கிறதாம். கையெழுத்து வைக்கலாமா?"

வைக்காதீர்கள் சகோதரி. தரகர் காட்டிய அந்த 'இன்ட்ரஸ்ட்' வட்டியே அல்ல. காணி உறுதியில் அந்த இடத்தில் வந்தால் அதற்கு உரித்து என்றுதான் பொருள். மூன்று சொல்லையும் சேர்த்து வாசித்தால், 'இந்தக் காணியில் எனக்குள்ள சகல உரிமையையும் கொடுத்துவிட்டேன்' என்று வரும். வட்டி எழுதியிருக்கிறது என்று அவர் காட்டிய வரிதான் உங்கள் வளவைக் கைமாற்றும் வரி.

மற்றச் சொற்களும் இப்படித்தான். கந்தோரில் ட்ரான்ஸ்பர் என்றால் இடமாற்றம். உறுதியில் அது உடைமை கைமாறுவது. 'கொன்சிடரேஷன்' பரிசீலனை அல்ல, நீங்கள் பெற்றுக்கொண்ட விலை. 'கொண்டிஷன்' என்பது, குறித்த தவணைக்குள் பணத்தைக் கட்டினால் காணியைத் திருப்பி எழுதித் தருவேன் என்ற நிபந்தனை. தவணை தவறினால் திருப்பிக் கேட்கும் உரிமை போய்விடும்.

ஈடு வேறு. ஈட்டில் காணி உங்கள் பெயரிலேயே இருக்கும். நீங்கள் கட்டாவிட்டால் கடன் தந்தவர் ஈட்டு வழக்குப் போட்டு, நீதிமன்றக் கட்டளையோடுதான் காணியை விற்பிக்கலாம். கடனும் செலவும் போக மிஞ்சுவது உங்களுக்கு. இந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் வட்டிக்குக் கொடுப்பவர்கள் நிபந்தனை அறுதியை, அதாவது அந்தக் 'கொண்டிஷனல் ட்ரான்ஸ்பரை'க் கேட்கிறார்கள். தரகருக்கு இது நன்றாகவே தெரியும். அவருடைய தரகுப் பணம் நீங்கள் கையெழுத்து வைக்கும் அன்றே கிடைத்துவிடும். வீடு போகும் நாளில் அவர் அங்கே இருக்கமாட்டார்.

இன்னொரு பொறி தொகையில் இருக்கிறது. 15 இலட்சம் என்று எழுதி, முதல் சில மாத வட்டியைக் கழித்துவிட்டு மிச்சத்தைக் கையில் தருவார்கள். உறுதியின் கடைசியில் நொத்தாரிசு எழுதும் அத்தாட்சியைப் பாருங்கள். பணம் தன் முன்னிலையில் கொடுக்கப்பட்டதா இல்லையா என்று அவர் அங்கே குறிக்க வேண்டும். கையில் வராத பணத்தை வந்ததாக எழுத விடாதீர்கள்.

"கையெழுத்து வைத்துவிட்டேன், இனி என்ன செய்வது?" என்று கேட்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. 1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புகள் கட்டளைச் சட்டத்தின் 83ஆம் பிரிவு அது. உறுதியில் விற்பனை என்று எழுதியிருந்தாலும், காணியின் பயனைக் கைவிடும் எண்ணம் உங்களுக்கு இருக்கவில்லை என்று சூழ்நிலைகள் காட்டினால், வாங்கியவர் உங்களுக்காகவே அதை வைத்திருக்கிறார் என்று நீதிமன்றம் கொள்ளலாம். பெறுமதிக்கு எவ்வளவோ குறைந்த விலை, எழுதிய பிறகும் நீங்களே அங்கு குடியிருந்தது, முத்திரைச் செலவையும் நொத்தாரிசுக் கட்டணத்தையும் நீங்களே கொடுத்தது, மாதாமாதம் வட்டி கட்டியது எல்லாம் அங்கே எடுபடும். ஆகவே வட்டிக்குப் பற்றுச்சீட்டு வாங்குங்கள், அல்லது வங்கி மூலம் அனுப்புங்கள். ஆனால் இதை நம்பிக்கொண்டு கையெழுத்து வைக்கக் கூடாது. மாவட்ட நீதிமன்றத்தில் இந்த வழக்கு வருடக்கணக்கில் இழுபடும். அதற்குள் காணி மூன்றாம் ஆளிடம் போய்விட்டால் சிக்கல் இரட்டிப்பாகும்.

கடன் வாங்கத்தான் வேண்டுமென்றால் ஈட்டு உறுதியாக, தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள். நொத்தாரிசை நீங்களே தெரிவுசெய்யுங்கள். 1987இல் இலங்கையில் தமிழும் அரசகரும மொழியானது. மட்டக்களப்பு நீதிமன்றங்களில் வழக்குத் தமிழில் நடக்கிறது. அப்படியிருக்க, தமிழ் மட்டும் தெரிந்த பெண்ணிடம் ஆங்கில உறுதியை நீட்டுவது இன்னும் நிற்கவில்லை. சட்டம் உங்கள் பக்கம்தான் நிற்கிறது: உங்களால் வாசிக்க முடியாத உறுதியை, சாட்சிகளின் முன்னிலையில் வாசித்து விளக்காமல் நொத்தாரிசு அத்தாட்சிப்படுத்தக் கூடாது. விளக்குவது நொத்தாரிசின் கடமை, தரகருடையது அல்ல. "வாசித்துச் சொல்லுங்கோ ஐயா" என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

இவ்வளவும் உறுதிக் காணிக்கு. பேர்மிட் காணியென்றால், அதாவது அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணியென்றால், முதலில் பிரதேச செயலகத்துக்குப் போங்கள்.

கடனைத் தீர்க்கும் நாளில் பழைய உறுதியைக் கையில் வாங்கினால் போதும் என்று நினைக்காதீர்கள். ஈடாக இருந்தால் ஈட்டு மீட்பை எழுதுவித்துக் காணிப் பதிவகத்தில் பதியுங்கள். நிபந்தனை அறுதியாக இருந்தால் நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் முன்னிலையில் காணியை உங்கள் பெயருக்குத் திருப்பி எழுதுவித்து அதையும் பதியுங்கள். 'ஆள் ஊரில் இல்லை' என்று தவணை முடியும் வரை இழுத்தடிப்பார்கள். அதனால் தவணைக்கு ஒரு மாதம் முன்பே, பணம் தயார், திருப்பி எழுத நாள் குறியுங்கள் என்று பதிவுத்தபாலில் கடிதம் அனுப்பி, அதன் பற்றுச்சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.