ரேக்கில் ஹம் வருகிறது, சத்தமும் போதவில்லை

கிதாருக்கு ப்ரீஆம்ப் (சிக்னலை முதலில் பெருக்கும் பெட்டி), ஸ்பீக்கரை இயக்க பழைய பிஏ (மேடை ஒலிபெருக்கி) பவர் ஆம்ப், இரண்டும் ஒரே இரும்பு ரேக்கில், 16 ஓம் ஸ்பீக்கர் கேபினெட். ஹம் (விடாத இரைச்சல்) கேட்கிறது, சத்தமும் எழவில்லை என்கிறீர்கள். இரண்டுக்கும் காரணம் வேறு வேறு.

ஒயர்களைக் கழற்றாமல் ப்ரீஆம்பை மட்டும் ரேக்கிலிருந்து எடுத்து மரப்பலகையில் வைத்துப் பாருங்கள். ஹம் நின்றால் பெரும்பாலும் கிரவுண்ட் லூப்தான், அதாவது இரண்டு பெட்டிகளின் எர்த்தும் இரண்டு வழியாக இணைந்து வளையமாகிறது: கேபிள் ஷீல்டு (ஒயரைச் சுற்றிய உலோக உறை) ஒரு வழி, ரேக் இரும்பு இன்னொரு வழி. திருகுகளுக்கு நைலான் வாஷர் போட்டு, பெட்டி இரும்பைத் தொடாமல் மாட்டுங்கள். நிற்காவிட்டால் இரண்டுக்கும் நடுவே சிக்னல் கேபிளில் 1:1 ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் (எர்த் இணைப்பைப் பிரித்து சிக்னலை மட்டும் கடத்துவது) போடுங்கள். பிளக்கின் எர்த் பின்னை மட்டும் வெட்டாதீர்கள். அந்த எர்த்தோடு சேர்ந்த கிதார் கம்பியைத்தான் விரலால் அழுத்துகிறீர்கள்.

சத்தத்துக்கு, ப்ரீஆம்பின் பின்னால் லெவல் ஸ்விட்ச் (வெளியே போகும் சிக்னலின் அளவை -10, +4 என மாற்றுவது) இருக்கிறதா பாருங்கள். -10 நிலையில் சுமார் 0.3 வோல்ட்தான் வரும், +4 நிலையில் 1.23 வோல்ட். கிட்டத்தட்ட 12 டெசிபல் வித்தியாசம்! பெரும்பாலும் கோளாறு இங்கேதான்.

8 ஓமில் 200 வாட் தரும் சேனல் 16 ஓமில் சுமார் 100 வாட் தரும். அது 3 டெசிபல் இழப்புதான், புது ஆம்ப் தேவையில்லை. பிரிட்ஜ் மோடில் (இரண்டு சேனலும் சேர்ந்து ஒரே ஸ்பீக்கரை இயக்கும் நிலை) ஒவ்வொரு சேனலுக்கும் 8 ஓம்தான் தெரியும், ஆம்ப் தாங்கும். ஆனால் சுமார் 400 வாட் பாயும். ஸ்பீக்கர் தாங்குமா என்று பார்த்துவிட்டு மாற்றுங்கள். பிரிட்ஜில் ஸ்பீக்கர் ஒயரின் இரண்டு முனையிலும் சிக்னல் உண்டு, எதையும் ரேக் இரும்பில் படவிடாதீர்கள்.

கேபினெட்டுக்குக் கிதார் கேபிள் வேண்டாம், தடித்த ஸ்பீக்கர் ஒயர்தான்.