அப்பா சொத்தில் மகளுக்கு ஐயாயிரம்

போன இதழில் மேரி ராய் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தேன். அப்பா சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு மகளுக்கும் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் வரை போய் ஜெயித்த கோட்டயத்துக்காரர், 2022-ல் காலமானவர். அதையொட்டி வந்த கடிதங்களே மூட்டையாக இருப்பதால் மற்ற கேள்விகள் அடுத்த இதழுக்குப் போகின்றன, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: கூடப்பிறந்தவனோடு சொத்துத் தகராறு, அவ்வளவுதானே? அதைப் போய்ப் பெண்ணுரிமைப் போராட்டம் என்று தூக்கிப் பிடிக்கிறீர்களே? (வாசகர், கோவை)

சொத்துத் தகராறேதான், யார் இல்லை என்றார்கள்? ஊருக்கு நல்லது செய்யக் கிளம்பவில்லை, கோபத்தில்தான் கோர்ட்டுக்குப் போனேன் என்கிற பொருளில் அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கணவரைப் பிரிந்து இரண்டு சின்னக் குழந்தைகளோடு ஊட்டியில், இறந்துபோன தன் அப்பாவின் வீட்டில் வந்து தங்கியிருந்தவரை, உனக்கு இதில் உரிமை இல்லை, காலி பண்ணு என்று சொன்னது சொந்தக் குடும்பம். சொன்னவர்கள் சட்டத்தைக் காட்டித்தான் சொன்னார்கள் என்பதுதான் விஷயம். அப்பா உயில் எழுதாமல் போயிருந்தார். அப்படிப் போனால் திருவிதாங்கூர் கிறிஸ்தவர்களுக்கு 1916-ம் ஆண்டுச் சட்டம். அதன்படி மகளுக்குக் கிடைப்பது மகன் பங்கில் கால்வாசி அல்லது ஐயாயிரம் ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. சீதனம் கொடுத்திருந்தாலோ, கொடுப்பதாகச் சொல்லியிருந்தாலோகூட அதுவும் கிடையாது. விதவைக்கு உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கலாம், மறுமணம் செய்தால் அதுவும் போச்சு. 1916-ல் ஐயாயிரம் பெரிய தொகை, ஒத்துக்கொள்கிறேன். மேரி ராய் வழக்குப் போட்ட 1983-லும் அது அதே ஐயாயிரமாகவே உட்கார்ந்திருந்ததே, அதற்கு என்ன சொல்வீர்கள்?

தனக்காகப் போராடினால் மதிப்புக் குறைவு என்று நாம் பெண்களிடம் மட்டும்தான் கணக்குப் பார்க்கிறோம். பங்கு கேட்டு வழக்குப் போடுகிற அண்ணன் தம்பிகளிடம் இதில் பொதுநலம் எங்கே என்று யாரும் கேட்பதில்லை.

கேள்வி: அந்தச் சட்டம் சமத்துவத்துக்கு எதிரானது என்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததாகப் படித்தேன். சரியா? (வாசகி, தென்காசி)

பல இடங்களில் அப்படித்தான் எழுதுகிறார்கள், ஆனால் தீர்ப்பில் இருப்பது வேறு. மேரி ராய் தரப்பில் இந்திரா ஜெய்சிங் சமத்துவ வாதத்தை வைத்தார்தான். 1986 பிப்ரவரியில் தீர்ப்புச் சொன்ன பகவதி, பதக் இருவரும் அந்தப் பக்கம் போகவே தேவையில்லை என்று விட்டுவிட்டார்கள். அவர்கள் பிடித்தது ஒரு தேதியை. பழைய சமஸ்தானப் பகுதிகளுக்கு மத்தியச் சட்டங்களை நீட்டி 1951-ல் ஒரு சட்டம் வந்தது. அதோடு 1925-ம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் திருவிதாங்கூருக்குள் வந்துவிட்டது, அன்றே பழைய சட்டம் செத்தது என்றார்கள். அதாவது 1951 ஏப்ரல் 1-லிருந்து இல்லாத ஒரு சட்டத்தை வைத்து 35 வருஷமாகப் பெண்களுக்கு இல்லை என்று சொல்லி வந்திருக்கிறார்கள்! மதத்துக்குள் சமத்துவம் உண்டா என்கிற பெரிய கேள்வியை நீதிமன்றம் லாவகமாகத் தாண்டிப் போய்விட்டது என்பதில் எனக்கு வருத்தம்தான். ஆனாலும் பலன் கைக்கு வந்தது. புதுக் கணக்கு எப்படி என்று கேட்டவர்களுக்கு: உயில் இல்லாமல் 90 லட்சம் விட்டுப்போனால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, 30 லட்சம். மீதியை இரண்டு மகன், ஒரு மகள் என்றால் ஆளுக்கு 20.

கேள்வி: நாங்கள் குமரி மாவட்டம். கேரளத் தீர்ப்பு எங்களுக்கு எதற்கு? (வாசகர், நாகர்கோவில்)

நீங்கள் இப்படிக் கேட்கலாமா? 1956 நவம்பர் வரை உங்கள் தாலுகாக்கள் திருவிதாங்கூர் பக்கம்தானே இருந்தன. ஊர் தமிழ்நாட்டுக்கு வந்தாலும் அந்த 1916-ம் ஆண்டுச் சட்டம் கூடவே வந்ததா இல்லையா என்று 1970-களில் சென்னை உயர் நீதிமன்றத்திலேயே இழுபறி. ஒரு நீதிபதி, மத்தியச் சட்டம்தான், மகளுக்குச் சம பங்கு என்றார். பிறகு இரண்டு நீதிபதிகள் அமர்வு, இல்லை, பழைய சட்டமே நிற்கிறது என்று திருப்பிப் போட்டது. அந்த முடிச்சை அவிழ்த்ததும் மேரி ராய் தீர்ப்புதான், இரண்டு வழக்குகளும் அதில் பேசப்பட்டிருக்கின்றன.

கேள்வி: அருந்ததி ராயின் அம்மா என்பதால்தானே இவ்வளவு புகழ்? (வாசகர், சேலம்)

தீர்ப்பு 1986. மகளின் முதல் நாவல் 1997. கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். கோட்டயத்தில் அதற்கு முன்பே அவரை எல்லாருக்கும் தெரியும், ரோட்டரி கிளப் கூடத்தில் 1967-ல் பள்ளிக்கூடம் தொடங்கி, பிறகு கட்டடக் கலைஞர் லாரி பேக்கரை வைத்துக் கட்டடம் எழுப்பிய டீச்சராக.

கேள்வி: தீர்ப்புக்குப் பிறகு கேரளப் பெண்கள் எல்லாரும் பங்கு வாங்கிவிட்டார்களா? (வாசகி, மதுரை)

எங்கே! முதலில் ஒரே பதற்றம், 1951 வரை பின்னோக்கிப் போனால் விற்ற நிலம், அடகு வைத்த எஸ்டேட் எல்லாம் என்ன ஆகும் என்று. தீர்ப்பை முறியடிக்கத் தனிச் சட்டம் கொண்டுவரும் முயற்சிகூட நடந்தது, நிறைவேறவில்லை. ஆனால் அதைவிடச் சுலபமான வழி ஒன்று கிடைத்தது: உயில். இந்திய வாரிசுரிமைச் சட்டம் உயில் இல்லாத சொத்துக்குத்தான் பங்கு பிரிக்கும். அப்பா உயில் எழுதி எல்லாவற்றையும் மகனுக்கே கொடுத்தால் சட்டம் வாய் திறக்காது. அப்பாக்கள் எழுதினார்கள். மேரி ராய்க்கே தீர்ப்புக்குப் பின் பங்கு கைக்கு வர இருபது வருஷத்துக்கு மேல் ஆனது.

கேள்வி: எங்கள் அப்பா உயில் எழுதாமல் இறந்துவிட்டார். அண்ணன்கள், என் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள். போடாவிட்டால் பிறந்த வீட்டு வாசல் மிதிக்க முடியாது என்கிறார் அம்மா. கிறிஸ்தவக் குடும்பம். (பெயர், ஊர் வேண்டாம்)

அவசரப்படாதீர்கள். நீங்களாக மனதார விட்டுக்கொடுத்தால் அது உங்கள் இஷ்டம், நான் குறுக்கே வரவில்லை. ஆனால் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது, எந்தெந்த சர்வே எண், பணம் ஏதாவது வாங்கிக்கொண்டதாகப் போட்டிருக்கிறதா என்று பார்க்காமல் ரெஜிஸ்தர் ஆபீஸ் படி ஏறாதீர்கள். பதிவான பிறகு ஏமாற்றி வாங்கினார்கள் என்று நிரூபிக்கிற பாடு உங்கள் தலையில்தான் விழும். நகலைக் கேட்டு வாங்கி, அண்ணன்களுக்குத் தெரிந்தவராக இல்லாத ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். அப்புறம் அம்மாவிடம் ஒன்று சொல்லுங்கள்: அந்தச் சொத்தில் மூன்றில் ஒரு பங்கு அவருடையது. உங்களிடம் நீட்டிய பத்திரத்தில் அவர் பெயருக்கும் ஒரு கையெழுத்து இடம் விட்டிருப்பார்கள், பாருங்கள்.