கொள்ளுத்தாத்தா ஏன் திரும்பி வந்தார்? – கடிதம்

அன்புள்ள அக்கா,

தோட்டத்து லயங்களை (தொழிலாளர்களின் வரிசை வீடுகளை)ப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையில், 1930களின் உலகப் பொருளாதாரப் பெருமந்தத்தைப் பற்றி ஒரே ஒரு வரி வந்தது. அதைப் படித்ததில் இருந்து ஒரு கேள்வி மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. என் கொள்ளுத்தாத்தா 1926-ல் தஞ்சாவூர்ப் பக்கத்தில் இருந்து ஆள் சேர்க்கும் கங்காணியோடு மலாயாவுக்குக் கப்பலேறி வந்து, பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினார். 1931-ல் வெறுங்கையோடு ஊருக்குத் திரும்பிவிட்டார். 1934-ல் மறுபடி இங்கே வந்தார். எங்கள் வீட்டில் இன்றும் அவர் பேச்சு வந்தால் 'நிலைச்சு நிக்கத் தெரியாத மனுஷன்' என்றுதான் சொல்வார்கள். நியூயார்க்கில் பங்குச்சந்தை விழுந்தால் பேராக்கில் பால் வெட்டுகிறவருக்கு ஏன் வேலை போக வேண்டும்?

இதை இப்போது கேட்பதற்கு ஒரு காரணம் உண்டு. பினாங்கில் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் ஏழு வருடமாக வேலை செய்கிறேன். ஆர்டர் குறைந்துவிட்டது என்று ஒரு பட்டியல் போட்டிருக்கிறார்கள், அதில் என் பெயரும் இருக்கிறது. நானாகவே ராஜினாமா கடிதம் கொடுத்தால் அடுத்த வேலைக்கு நல்லது என்கிறார்கள். வீட்டில் சொன்னேன். 'அவரு மாதிரியே நீயும்' என்றார் அப்பா.

க., பட்டர்வொர்த்

அன்புள்ள க.,

முதலில் ஒன்று. அந்த ராஜினாமா கடிதத்தை இன்னும் கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதீர்கள். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன், அதற்கும் உங்கள் கொள்ளுத்தாத்தாவுக்கும் சம்பந்தம் இருக்கிறது.

உங்கள் கடிதத்தில் உள்ள 1931 என்ற வருடமே பாதி பதில். 1930, 31, 32 ஆகிய மூன்று வருடங்களில் மலாயாவில் இருந்து இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்ட தொழிலாளர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். பெரும்பாலோர் தமிழர்கள். சொந்தக் காசில் டிக்கெட் எடுத்துப் போனவர்கள் இந்தக் கணக்கில் இல்லை. இத்தனை பேருக்கும் ஒரே சமயத்தில் நிலைத்து நிற்கத் தெரியாமல் போயிருக்குமா என்று அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். அவர் மீது எனக்குக் கோபம் இல்லை. அவருக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டிலும் இதே கதைதான், எனக்கு முப்பது வயது தாண்டிய பிறகுதான் அது வேறு கதை என்று புரிந்தது.

சரி, நியூயார்க்கில் இருந்தே தொடங்குவோம். 1929 அக்டோபரில் அங்கே பங்குச்சந்தை விழுந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் பங்கு விழுந்ததால் மட்டும் உலகம் படுத்துவிடவில்லை. அதற்கு முந்தைய பத்து வருடமாக அமெரிக்கர்கள் காரையும் ரேடியோவையும் தவணையில் வாங்கிக்கொண்டிருந்தார்கள், பங்கைக்கூட பத்தில் ஒரு பங்கு பணத்தைக் கொடுத்து மீதியைக் கடனாக வைத்து வாங்கினார்கள், விளைபொருளின் விலை இறங்கி விவசாயிகள் ஏற்கனவே கடனில் இருந்தார்கள். விலை விழுந்ததும் கடனை அடைக்க எல்லோரும் ஒரே நேரத்தில் விற்க ஓடினார்கள், அதனால் விலை இன்னும் விழுந்தது. பிறகு வங்கிகள். 1930-க்கும் 1933-க்கும் இடையில் சுமார் 9,000 வங்கிகள் அமெரிக்காவில் மூடப்பட்டன, அப்போது வைப்புத்தொகைக்குக் காப்பீடு கிடையாது, போட்ட பணம் முழுதாகத் திரும்பி வரும் என்ற உத்தரவாதம் இல்லை. அந்த நேரத்தில் பணத்தை வெளியே விட வேண்டிய மத்திய வங்கி, நாணயத்தைத் தங்கத்தோடு கட்டி வைத்திருந்த காரணத்தால், தங்கம் வெளியே போகாமல் தடுக்க, 1931 அக்டோபரில் வட்டியை ஒன்றரை விழுக்காட்டில் இருந்து மூன்றரைக்கு ஏற்றியது. வெளிநாட்டுச் சரக்குக்கு 1930-லேயே வரியைக் கூட்டியிருந்தார்கள், மற்ற நாடுகளும் பதிலுக்குக் கூட்டின, வியாபாரமே சுருங்கியது. 1933-ல் அங்கே நான்கு பேரில் ஒருவருக்கு வேலை இல்லை.

இதில் நம் ஆட்களைத் தொட்டது கார்தான். உலகத்தின் ரப்பரில் பாதிக்கும் மேல் அமெரிக்காதான் வாங்கியது, அதில் பெரும்பகுதி டயருக்குப் போனது. 1929-ல் அந்த நாட்டுத் தொழிற்சாலைகளில் இருந்து 50 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் வெளியே வந்தன. 1932-ல் 14 லட்சம்கூட இல்லை. டெட்ராய்டில் ஒருவர் புதுக் கார் வாங்குவதை அடுத்த வருடத்துக்குத் தள்ளிப் போட்டபோது, பேராக்கில் உங்கள் கொள்ளுத்தாத்தாவின் நிரையில் (அவர் வெட்ட வேண்டிய மர வரிசையில்) ஐந்து மரத்துப் பால் வேண்டாததாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் முழுப் பழியையும் அமெரிக்கா மேல் போட நான் தயாராக இல்லை, ஏனென்றால் ரப்பருக்குள்ளேயே ஒரு கோளாறு இருந்தது. 1922-ல் விலை குறைந்தபோது ஸ்டீவன்சன் திட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்து மலாயாவிலும் இலங்கையிலும் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தினார்கள். விலை ஏறியது, 1925-ல் லண்டனில் ஒரு பவுண்டு எடை ரப்பர் நான்கு ஷில்லிங்கைத் தாண்டியது. ஆனால் டச்சுக்காரர்களின் சுமத்ராவும் போர்னியோவும் அந்தத் திட்டத்தில் சேரவில்லை. அங்கே இருந்த சிறு விவசாயிகள் அந்த விலையைப் பார்த்துவிட்டு மரம் நட்டார்கள். அதில் தப்பே இல்லை, யாராக இருந்தாலும் நடுவார்கள். ரப்பர் கன்று பால் வெட்டுக்கு வர ஆறேழு வருடம் ஆகும். 1925-ல் வைத்த கன்றுக்கு ஆறேழு வருடத்தைக் கூட்டிப் பாருங்கள். வாங்க ஆளே இல்லாத 1931-லும் 32-லும் அந்த மரங்கள் முதல் பாலைக் கொடுக்க ஆரம்பித்தன. விலை விழ விழ, கிடைக்கிற பத்துக் காசையாவது எடுப்போம் என்று பலரும் கூடுதலாக வெட்டினார்கள். 1930 மே மாதம் ஒரு மாதம் வெட்டை நிறுத்தியும் பார்த்தார்கள், பயன் இல்லை. 1929-ல் சராசரியாக 34 மலாயா காசுக்கு விற்ற ஒரு பவுண்டு ரப்பர், 1932-ல் 7 காசு அளவுக்கு வந்துவிட்டது.

இப்போது ஒரு தோட்டக் கம்பெனியின் கணக்கைப் பாருங்கள். நிலத்துக்குப் போட்ட முதல் போட்டதுதான், மரத்தைத் திருப்பிக் கொடுக்க முடியாது. குறைக்க முடிந்தது கூலியும் ஆட்களும் மட்டும்தான். 1928-ல் ஆணுக்கு நாளுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று நிர்ணயித்திருந்தார்கள். 1930-ல் அது 40-ம் 32-ம் ஆனது. அதற்கப்புறம் பல இடங்களில் ஆண் கூலியே 30 காசுக்குக் கீழே போனது. கீழே இறங்கிய கூலி பழைய 50 காசைத் திரும்பத் தொட 1937 ஆகிவிட்டது. குறைந்த கூலி வேண்டாம் என்றால் இலவசமாகக் கப்பல் உண்டு. அந்தக் கப்பல் செலவு இந்தியக் குடியேற்ற நிதியில் இருந்து வந்தது, ஆட்களைக் கொண்டுவருவதற்காக முதலாளிகளிடம் தலைக்கு இவ்வளவு என்று வசூலித்து வைத்திருந்த அதே நிதி. விலை ஏறும்போது கொண்டுவரவும் இறங்கும்போது அனுப்பவும் ஒரே பெட்டியில் இருந்து காசு. 1930 ஆகஸ்டில் புதிய ஆள்சேர்ப்பை நிறுத்தினார்கள். 1934-ல் ரப்பருக்கு ஒப்பந்தம் போட்டு விலை கொஞ்சம் நிமிர்ந்ததும் மறுபடி ஆள் எடுத்தார்கள். உங்கள் கொள்ளுத்தாத்தா திரும்பி வந்த வருடம் 1934 என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அவர் போனதும் வந்ததும் ரப்பர் விலையின் தேதிகள், தம்பி.

என் பாட்டி 1912-ல் பிறந்தவள், கூலிம் பக்கம் ஒரு தோட்டத்தில் பால் வெட்டியவள். அவள் அண்ணனும் உங்கள் கொள்ளுத்தாத்தா மாதிரிதான் போனார். விடியற்காலை இருட்டில் பெரட்டில், அதாவது ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், நிற்கும்போது தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) சில பெயர்களை மட்டும் வாசித்து, அவர்களைத் தனியாக ஒரு பக்கம் நிற்கச் சொன்னாராம். ஏன் என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. அடுத்த வாரம் லாரியில் ஏற்றி ரயிலடிக்கு, அங்கிருந்து பிறை, பிறையில் இருந்து பினாங்கு, அப்புறம் நாகப்பட்டினம் போகிற கப்பல். கூட்டிப் போக வந்த லாரி நிற்கும்போதே பாட்டி தன் காதில் இருந்த தோட்டைக் கழற்றி அண்ணன் மடியில் முடிந்துவிட்டாள். அதற்குப் பிறகு அவரை அவள் பார்க்கவே இல்லை.

ஆட்கள் போன பிறகு நிரைகளில் பல மரங்களை வெட்டாமல் விட்டுவிட்டார்கள். வெட்டாத மரத்தில் மங்கை, அதாவது பால் பிடிக்கும் கிண்ணத்தை, கவிழ்த்து வைப்பார்கள், மழைத் தண்ணீரும் குப்பையும் சேராமல் இருக்க. பாட்டி தன் நிரைக்குப் போகிற வழியெல்லாம் மரத்துக்கு மரம் கவிழ்ந்த மங்கு. எங்கள் ஜெலுத்தோங் வீட்டில் அவள் இருந்தவரை டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைக்க யாரையும் விட்டதில்லை. நிமிர்த்து வை, நிமிர்த்து வை என்பாள். என் அம்மா தூசி விழும் என்று சண்டை போடுவார். 1991-ல் பாட்டி போன பிறகும் அம்மா டம்ளரை நிமிர்த்தித்தான் வைத்தார்.

ஊருக்குப் போனவர்களுக்கு அங்கே என்ன காத்திருந்தது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் 'ஊர்ல போய் விவசாயம் பார்த்திருக்கலாமே' என்று இன்றைக்கு லேசாகச் சொல்லிவிடுகிறார்கள். தஞ்சாவூரிலும் நெல் விலை ஏறக்குறைய பாதியாகிவிட்டிருந்தது, பர்மா அரிசி வேறு மலிவாக வந்து இறங்கியது. நெல்லின் விலைதான் பாதி, கட்ட வேண்டிய தீர்வையும் வாங்கிய கடனின் வட்டியும் பாதியாகவில்லை. நிலம் வைத்திருந்தவரே விழிபிதுங்கி நின்றபோது, கூலிக்குப் போகிறவருக்கு யார் வேலை கொடுப்பார்கள்? 1931 செப்டம்பரில் பிரிட்டன் தன் நாணயத்தைத் தங்கத்தோடு கட்டியிருந்ததை விட்டு விலகியது, ரூபாய்க் கணக்கில் தங்க விலை ஏறியது, ஜனங்கள் காதிலும் கழுத்திலும் இருந்ததை விற்றுக் கடனை அடைத்தார்கள், அந்தத் தங்கம் கப்பல் கப்பலாக லண்டனுக்குப் போனது. பாட்டியின் தோடும் அதில்தான் போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

இங்கேயே இருந்தவர்களும் சுகமாக இல்லை. ஈய லம்பங்கள் (சுரங்கங்கள்) மூடியதில் சீனத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் தெருவுக்கு வந்தார்கள், அவர்களும் கப்பல் கப்பலாகச் சீனாவுக்குப் போனார்கள். கம்பத்தில் (மலாய் கிராமத்தில்) ஒன்றிரண்டு ஏக்கர் ரப்பர் வைத்திருந்த மலாய்க்காரர்கள் வட்டிக்கடையில் நிலத்தை இழக்கப் போகிற நிலை வந்து, அதைத் தடுக்க 1931-ல் ஒரு சட்டமே போட வேண்டியிருந்தது. இங்கே பினாங்கு ஸ்ட்ரீட் கிட்டங்கிகளில் (வட்டித்தொழில் நடந்த கடைகளில்) இருந்து கடன் கொடுத்த செட்டியார்களைத் திட்டுகிறவர்கள் உண்டு. அவர்களும் பிறரிடம் கடன் வாங்கித்தான் கடன் கொடுத்தார்கள், பணம் வராதபோது கைக்கு வந்தது விற்க முடியாத நிலம். அதைப் பற்றித் தனியாக ஒருநாள் எழுதுகிறேன்.

1998-ல் என் கணவருக்கு வேலை போனது. ஒரு அமெரிக்க டாலருக்கு இரண்டரை ரிங்கிட் என்பதில் இருந்து 4.88 ரிங்கிட் வரை மலேசிய நாணயம் சரிந்த சமயம், செப்டம்பரில் 3.80 என்று கட்டிப் போடுவதற்குள் அவர் வேலை செய்த கம்பெனி கதவை அடைத்துவிட்டது. அந்த மனிதர் நான்கு மாதம் தினமும் காலையில் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பி, எங்கேயோ உட்கார்ந்திருந்துவிட்டு மாலையில் திரும்புவார். அக்கம்பக்கத்துக்குத் தெரியக் கூடாதாம். ரிங்கிட் விழுந்ததற்கு இவர் ஏன் வெட்கப்பட வேண்டும் என்று அப்போது எனக்குக் கேட்கத் தெரியவில்லை. இன்றும் அது எனக்கு வருத்தம். உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுவது அதனால்தான்.

இப்போது அந்த ராஜினாமா கடிதம். 1931-ல் உங்கள் கொள்ளுத்தாத்தாவிடம் 'குறைந்த கூலி அல்லது கப்பல்' என்று கேட்டுவிட்டு, கப்பல் ஏறினால் அவராகவே போனார் என்று சொல்லிக்கொள்ள முடிந்தது, உங்கள் வீடும் தொண்ணூறு வருடமாக அதையே சொல்கிறது. உங்களிடம் கேட்பதும் அதே கையெழுத்துதான். நீங்களாகவே விலகினால் சொக்சோவின் (மலேசியத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின்) வேலைக் காப்புறுதியில் இருந்து உங்களுக்கு எதுவும் கிடைக்காது. ஆட்குறைப்பு என்று எழுத்தில் கொடுத்தால் கிடைக்கும், ஆனால் வேலை போன நாளில் இருந்து 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். உங்கள் சம்பளம் மாதம் 4,000 ரிங்கிட்டுக்குள் என்றால், ஏழு வருட வேலைக்கு வருடத்துக்கு 20 நாள் சம்பளம் வீதம் கம்பெனி இழப்பீடு கொடுக்க வேண்டும், எட்டு வாரம் முன்னறிவிப்பும் உண்டு. இழுத்தடித்தால் தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுங்கள். 2018-க்கு முன்னால் இந்தக் காப்புறுதி கிடையாது, என் கணவருக்கு அது இருந்திருந்தால் அந்த நான்கு மாதம் வேறு மாதிரி போயிருக்கும். அது உங்கள் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்த காசு, வாங்கக் கூச்சப்படாதீர்கள்.

அடையாள அட்டை, சம்பளச் சீட்டுகள், அவர்கள் கொடுக்கிற கடிதம் எல்லாவற்றையும் நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். படிவத்தில் எங்காவது குழப்பம் என்றால் எழுதுங்கள், சேர்ந்து நிரப்புவோம். இந்தப் பதிலை அப்பாவுக்குப் படித்துக் காட்டுங்கள்.

அன்புடன்,
அக்கா