முட்டை நின்ற கோழிகள்: வைத்திருப்பதா, விற்பதா, அறுப்பதா?

கேள்வி: தேவிபட்டினத்தை ஒட்டிய கடலோரக் கிராமத்தில் வசிக்கிறோம். வீட்டில் சிறுவிடை என்னும் நாட்டுக்கோழிகள் ஆறும், பி.வி.380 என்னும் கலப்பின முட்டைக்கோழிகள் ஐந்தும் இருக்கின்றன. வாங்கி ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. சில வாரங்களாக முட்டை மிகவும் குறைந்துவிட்டது. சில கோழிகள் இடுவதே இல்லை. தெருவுக்கு வரும் வியாபாரி எல்லாவற்றையும் மொத்தமாகக் கொடுத்துவிடச் சொல்கிறார். வளர்த்த கோழியை விற்க மாமியாருக்கு மனமில்லை. தீவனத்தோடு கருவாட்டுக் கழிவும் போட்டு வருகிறோம். என்ன செய்யலாம்?

பதில்: மொத்தமாகக் கொடுக்க வேண்டாம். உங்கள் வீட்டில் இருப்பவை இரண்டு வகைக் கோழிகள். இரண்டுக்கும் கணக்கு வேறு. அதற்கும் முன்னால், எந்தக் கோழி உண்மையிலேயே முட்டையை நிறுத்திவிட்டது, எது இடைவெளி விட்டிருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சிறுவிடைக் கோழி ஓர் ஈட்டுக்கு, அதாவது தொடர்ந்து இடும் ஒரு சுற்றுக்கு, பன்னிரண்டு முதல் பதினைந்து முட்டைகள் வரை இட்டுவிட்டு அடைக்கு உட்காரும். 21 நாள்கள் அடைகாத்து, குஞ்சு பொரித்து, அவற்றை இரண்டு மூன்று மாதங்கள் கூட்டிக்கொண்டு திரியும் வரையில் அது மீண்டும் முட்டையிடாது. இவ்வாறு ஆண்டுக்கு மூன்று நான்கு ஈடுகள் இடுவதுதான் அதன் இயல்பு என்பதால், இரண்டு மாதம் முட்டை இல்லை என்பதை மட்டும் வைத்து அதைக் கழித்துவிட முடியாது. இறகு உதிர்க்கும் காலத்திலும் எந்த வகைக் கோழியும் இரண்டு மூன்று மாதங்கள் முட்டையை நிறுத்திவிடும்; கழுத்திலும் முதுகிலும் புது இறகு குருத்துவிட்டு நிற்கிறதா என்று பாருங்கள். அவிழ்த்துவிட்டு வளர்க்கும் கோழியாக இருந்தால், கருவேலம்புதரிலோ, அடுக்கிய பனைமட்டைக்குள்ளோ கள்ளத்தனமாக இட்டுக்கொண்டிருக்கவும் கூடும். மூன்று நாள்கள் காலை பத்து மணி வரை பஞ்சாரம் என்னும் பெரிய கூடையால் கவிழ்த்து மூடி வைத்துப் பார்த்தால் ஓரளவு தெரிந்துவிடும். கீரியும் பாம்பும் முட்டையைக் கொண்டுபோகின்றனவா என்பதும் அப்போது தெளிவாகும்.

கோழியைக் கையில் எடுத்தும் பார்க்கலாம். மாலையில், அது அடைந்த பிறகு, அதட்டாமல் எடுத்து மடியில் வைத்துக்கொள்ளுங்கள். முட்டையிடும் கோழியின் கொண்டை சிவந்து, தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். எச்சத் துவாரம் அகன்று ஈரமாக இருக்கும். அதற்கு இருபுறமும் உள்ள கூரிய எலும்புகளுக்கு இடையே இரண்டு விரல்கள் தாராளமாக நுழையும். முட்டை நின்ற கோழிக்குக் கொண்டை வெளுத்துச் சுருங்கியிருக்கும், துவாரம் வறண்டு சிறிதாகியிருக்கும், எலும்பிடையில் ஒரு விரல் வைப்பதே கடினமாக இருக்கும். இடுகிற கோழிக்கும் இடாத கோழிக்கும் கால்களில் வெவ்வேறு நிற நூலைக் கட்டி, மூன்று வாரம் கழித்து மறுபடியும் பாருங்கள்.

இந்த மூன்று வாரத்தில் இன்னொன்றையும் திருத்திவிட வேண்டும். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது கருவாட்டுக் கழிவுதான். நம் கடற்கரையில் பல வீடுகளில் கிணற்று நீரே உப்புக் கரிக்கிறது. அந்த நீரைக் குடித்து, உப்பேறிய கருவாட்டையும் தின்னும் கோழிக்கு உப்பு அளவு மீறிப் போகிறது. எச்சம் நீராகக் கழிவதும், முட்டை ஓடு மெலிந்து கைபட்டதும் நொறுங்குவதும், இடுவது குறைவதும் அதன் அடையாளங்கள். உப்பிடாத பச்சை மீனின் தலையையும் குடலையும் வேகவைத்துச் சிறிதளவு கொடுக்கலாம். அதிகம் கொடுத்தால் முட்டையில் மீன் வாடை வரும். குடிக்கக் காவிரிக் கூட்டுக் குடிநீரையோ, சேமித்த மழைநீரையோ வையுங்கள். ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்துக்குக் கரையில் கிடைக்கும் கிளிஞ்சலே போதும். நல்ல தண்ணீரில் உப்புப் போக இரண்டு மூன்று முறை அலசி, காயவைத்து, அரிசிக் குருணையை விடச் சற்றுப் பெரிதாக உடைத்துத் தனித் தட்டில் வைத்தால், வேண்டிய கோழி வேண்டிய அளவு கொத்திக்கொள்ளும். வெயில் 32 டிகிரியைத் தாண்டும் மாதங்களில் கோழி வாயைத் திறந்து இளைத்துக்கொண்டு இரையைக் குறைத்துவிடும். அப்போது விழும் முட்டைக் குறைவுக்கு நிழலும் குளிர்ந்த நீருமே மருந்து.

இவ்வளவும் செய்த பிறகு கணக்குக்கு வருவோம். பி.வி.380 முட்டைக்கென்றே உருவாக்கப்பட்ட கலப்பினம். முதல் ஆண்டில் ஏறக்குறைய தினமும் இடும். பண்ணைகளில் இத்தகைய கோழிகளை 72 முதல் 80 வாரங்களுக்குள் பெரும்பாலும் கழித்துவிடுகிறார்கள். உங்களுடையவை இரண்டு வயதை எட்டிவிட்டதால், ஓய்வுக்குப் பின் இட்டாலும் பழைய அளவுக்கு இடப்போவதில்லை. ஒரு கோழி நாளொன்றுக்குச் சுமார் 110 கிராம் தீவனம் தின்னும், மாதத்துக்கு 3.3 கிலோ. தீவனம் கிலோ 35 ரூபாய், முட்டை 8 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மாதம் பதினைந்து முட்டைகள் இட்டால்தான் தீவனச் செலவு கட்டும். உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள். அதற்குக் கீழே இடும் கோழியை விற்பதிலோ அறுப்பதிலோ தவறில்லை.

சிறுவிடையின் கணக்கில் முட்டையை மட்டும் எண்ணக் கூடாது. மேய்ந்து திரியும் கோழிக்குக் கைத்தீவனச் செலவு குறைவு. அதைவிட முக்கியம், அது நல்ல அடைக்கோழி. பி.வி.380 போன்றவை அடைக்கு உட்காருவது அரிது. ஆகவே, முட்டை குறைந்த சிறுவிடையின் அடியில் உங்கள் மற்றச் சிறுவிடைகள் சேவலோடு சேர்ந்து இட்ட கருமுட்டைகளை வைத்துக் குஞ்செடுக்கலாம். வாத்து முட்டையைக்கூட வைக்கலாம், ஆனால் அதற்கு 28 நாள்கள் உட்கார வேண்டும். என் கருத்தில், நன்றாக அடைகாத்துக் குஞ்சைக் காக்கும் ஒரு கோழியை, முட்டை குறைந்துவிட்டது என்பதற்காக விற்பது நட்டம். உங்கள் மாமியார் சொல்வதில் பாசத்தோடு நியாயமும் இருக்கிறது. குஞ்சு வேண்டாம், முட்டைதான் வேண்டும் என்றால், அடை தெளிய வைக்கக் காற்றோட்டமான கம்பிக் கூண்டில் இரை, நீருடன் நான்கைந்து நாள்கள் விட்டாலே போதும். மூக்கில் இறகைக் குத்திவிடும் வழக்கத்தைத் தயவுசெய்து கைவிடுங்கள். அது வெறும் வதை.

விற்பதென்றால் கறிக்கோழி என்று சொல்லியே விற்க வேண்டும். எண்ணிக்கைக்கு விலை பேசாமல் எடைக்குப் பேசுங்கள், தராசில் அரசு முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள், கூடையின் எடையைத் தனியே கழிக்கச் சொல்லுங்கள். சிறுவிடையையும் பி.வி.380ஐயும் ஒரே விலைக்குத் தர வேண்டாம். சந்தையில் நாட்டுக்கோழிக்கு விலை அதிகம். காலைக் கட்டித் தலைகீழாக வண்டியில் தொங்கவிடுபவரிடம் கொடுக்காதீர்கள். தேவையற்ற வலி தரும் விதத்தில் விலங்குகளைக் கொண்டுசெல்வது 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

வீட்டுக்கே அறுத்தால், முற்றல் கறி என்பதால் நேரம் பிடிக்கும். சிறிது பப்பாளிக்காயை அரைத்துப் பிசறி வைத்து, அடக்கமான தீயில் வேகவிட்டால் கறி இளகும். சாறு இளங்கோழியை விடச் சுவையாக இருக்கும். மருந்து கொடுத்திருந்தால் கால்நடை மருத்துவர் சொன்ன நாள்கள் கழியும் வரை அறுக்கவோ விற்கவோ கூடாது. வெள்ளைக்கழிச்சல் போல நோய் கண்ட கோழியையும், திடீரெனப் பல கோழிகள் செத்த வீட்டின் எஞ்சிய கோழிகளையும் எக்காரணத்துக்காகவும் சமைக்க வேண்டாம். கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். செத்ததைச் சுண்ணாம்பு தூவி ஆழமாகப் புதையுங்கள். கடலிலோ கண்மாயிலோ எறியாதீர்கள்.

கேள்வி: முட்டை நின்ற கோழியை ஊருக்கு வெளியே காட்டில் விட்டுவிட்டால் பாவம் இல்லை என்கிறார்களே?

பதில்: அன்று இரவே நாய்க்கோ கீரிக்கோ இரையாகும். பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படி விலங்கைக் கைவிடுவதும் அதே சட்டத்தின்படி குற்றம். வேண்டாம்.

கேள்வி: கீழக்கரைப் பக்கம் ஒரு வியாபாரியிடம் ‘முட்டைக்கு வந்த வெடக்கோழி’, அதாவது முட்டையிடத் தொடங்கும் இளங்கோழி, என்று மூன்று கோழிகள் வாங்கினேன். இன்று வரை ஒரு முட்டைகூட இல்லை. கிழட்டுக் கோழி என்கிறார்கள். பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: முதலில் வயதைச் சோதியுங்கள். வெடக்கோழிக்குக் காலின் செதில் வழவழப்பாகப் படிந்திருக்கும், நெஞ்செலும்பின் பின்முனை அழுத்தினால் வளையும். கிழட்டுக் கோழிக்குச் செதில் சொரசொரப்பாகத் தூக்கி நிற்கும், நெஞ்செலும்பு இரும்பாக இறுகியிருக்கும், நகம் நீண்டு தடித்திருக்கும். வாங்கும்போது கழுத்தடியில் உள்ள இரைப்பையையும் தடவிப் பார்ப்பது நல்லது; கல்போல் புடைத்திருந்தால் எடை கூட்டுவதற்காக ஏதோ ஊட்டப்பட்டிருக்கலாம்.

வயது அப்படியே நிரூபணமானால், கால்நடை மருத்துவரிடம் எழுத்தில் ஒரு குறிப்பு வாங்கி, வியாபாரியிடம் நேரில் கேளுங்கள். பெரும்பாலான தகராறுகள் அங்கேயே முடியும். இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதியலாம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்யலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான கொள்முதலுக்கு மனுக் கட்டணம் இல்லை. ரசீது இல்லாவிட்டாலும், கைப்பேசி வழியே பணம் செலுத்திய பதிவும், ‘வெடக்கோழி’ என்று அவர் அனுப்பிய குறுஞ்செய்தியும் சான்றாகும். அவற்றை அழித்துவிடாமல் வைத்திருங்கள். மனு முடியும் வரை அந்தக் கோழிகளையும் விற்காதீர்கள்.