ராஜஸ்தான் போக இ.எம்.ஐ. போடலாமா?

கேள்வி: பெரம்பூரில் வாடகை வீடு, அம்பத்தூரில் தனியார் வேலை. பிடித்தம் போகக் கைக்கு வருவது ரூ.72,000. வாடகை, பள்ளிக் கட்டணம், வீட்டுச் செலவு, ஏலச்சீட்டு ரூ.5,000, பைக் இ.எம்.ஐ. ரூ.4,800 (பிப்ரவரியில் முடிகிறது) எல்லாம் போக மாதம் ரூ.9,000 போல மிஞ்சும். ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அப்பாவுக்கு 69 வயது. ராஜஸ்தான் கோட்டைகளைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அரையாண்டு விடுமுறையில் அப்பா, அம்மா, நான், மனைவி, எட்டாவது படிக்கும் மகள் என ஐந்து பேரும் போக ஒரு டிராவல்ஸில் விசாரித்தோம். ஜெய்ப்பூர், ஜோத்பூர், ஜெய்சல்மேர், உதய்ப்பூர், ஏழு இரவு. ரயில், ரூம், கார் உட்பட தலைக்கு ரூ.38,000. ஜிஎஸ்டி சேர்த்து ரூ.1,99,500. 'வட்டியில்லாத் தவணை' என்றால் மாதம் ரூ.16,625 வீதம் 12 மாதம், பிராசஸிங் கட்டணம் ரூ.4,000. மொத்தமாகக் கட்டினால் ரூ.12,000 குறைப்பார்களாம். ரூ.5,000 முன்பணம் கொடுத்துவிட்டோம். ஒரு லட்ச ரூபாய் சீட்டில் 20 மாதத்தில் 12 தவணை கட்டியாகிவிட்டது. மகளின் பிளஸ் ஒன் சேர்க்கைக்கு என்று போட்ட எஃப்.டி. ரூ.2 லட்சமும், அவசரத்துக்கு ரூ.1.1 லட்சமும் வங்கியில் இருக்கின்றன. தவணையில் போகலாமா, சீட்டை எடுக்கலாமா, எஃப்.டி.யை உடைக்கலாமா? எல்.டி.ஏ. (விடுமுறைப் பயணப் படிக்கான வரி விலக்கு) கிடைக்குமா?

- வாசகர், பெரம்பூர்

பதில்: அப்பாவைக் கண்டிப்பாக அழைத்துப் போங்கள். ஆனால் இந்த டிசம்பர் வேண்டாம், அடுத்த ஆண்டு காலாண்டு விடுமுறையில் போங்கள். இன்னும் பத்தே மாதம்தான் இருக்கிறது. அந்தப் பத்து மாதத்தில் கடனே இல்லாமல் முழுப் பணமும் உங்கள் கைக்கு வந்துவிடும் என்பதை உங்கள் கடிதத்திலுள்ள எண்களே சொல்கின்றன.

முதலில் அந்த 'வட்டியில்லா' தவணை. மொத்தமாகக் கட்டினால் ரூ.12,000 குறையும் என்றால் இந்தச் சுற்றுலாவின் உண்மையான விலை ரூ.1,87,500. பிராசஸிங் கட்டணமும் அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்ந்து ரூ.4,720 முதல் நாளே போய்விடும். ஆக உங்களுக்குக் கிடைக்கிற கடன் ரூ.1,82,780, திருப்பிக் கட்டுவது ரூ.1,99,500. மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வருவதையும் கணக்கில் எடுத்தால் வட்டி ஆண்டுக்கு 16 சதவீதத்தைத் தாண்டுகிறது. வங்கியில் ஒழுங்காகக் கேட்டால் பர்சனல் லோன்கூட இதைவிடக் குறைவாகக் கிடைக்கலாம். வட்டியை விடுங்கள், தவணையைப் பாருங்கள். மிஞ்சுவது 9,000, கட்ட வேண்டியது 16,625. பைக் கடன் முடிந்த பிறகும் மாதம் ரூ.2,800 போலத் துண்டு விழும். அது அவசரப் பணத்திலிருந்துதான் போகும். வயதான இருவர் இருக்கிற வீட்டில் அந்தப் பணத்தில் கை வைப்பதை நான் ஏற்க மாட்டேன்.

எஃப்.டி.யும் அப்படித்தான். உடைத்தால் பணம் கிடந்த காலத்துக்கான வட்டிதான் கிடைக்கும், அதிலும் அரை முதல் ஒரு சதவீதம் வரை பல வங்கிகள் பிடிப்பார்கள். உடைக்காமல் எஃப்.டி. மேல் கடன் வாங்கினால் டெபாசிட் வட்டியைவிட ஒன்றிரண்டு சதவீதம்தான் கூடுதல். தவணையைவிட அது மலிவுதான். ஆனாலும் தேவையில்லை, உங்களிடம் சீட்டு இருக்கிறது.

இந்த நவம்பரோடு 12 தவணை என்றால் சீட்டு ஜூலையில் முடியும். இப்போதே ஏலத்தில் ரூ.15,000 தள்ளி எடுத்தால் கையில் ரூ.85,000. கடைசி வரை பொறுத்தால் 5 சதவீதக் கமிஷன் போக ரூ.95,000, நடுவில் மற்றவர்கள் ஏலத்தில் தள்ளும் தொகையில் உங்கள் பங்கும் வரும். ஒரே ஒரு நிபந்தனை: 1982-ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு செய்த சீட்டாக இருக்க வேண்டும். தெருவில் தெரிந்தவர் நம்பிக்கையின் பேரில் நடத்துகிற சீட்டு என்றால் இந்தக் கணக்கே மாறிவிடும். பத்தாயிரம் நஷ்டமானாலும் பரவாயில்லை, அடுத்த ஏலத்திலேயே எடுத்து எஃப்.டி.யில் போட்டுவிடுங்கள்.

அப்புறம் மிஞ்சுகிற 9,000-இல் ரூ.6,000-ஐ டிசம்பர் முதல் ஆகஸ்ட் வரை வங்கியில் ஆர்.டி.யில் (மாதாமாதம் கட்டும் டெபாசிட்) போடுங்கள். ரூ.54,000. சீட்டுப் பணத்தோடு சேர்த்தால் ரூ.1,49,000, வட்டி தனி.

இது போதுமா? டிராவல்ஸ் தொகுப்பு இல்லாமல் நீங்களே ஏற்பாடு செய்தால் என்ன ஆகும் என்று நான் போட்டுப் பார்த்த மதிப்பீடு இது. ஐந்து பேருக்கும் தேர்டு ஏசி இருவழி ரூ.25,000. ஏழு பேர் உட்காரும் கார் ஏழு நாளுக்கு, டிரைவர் பேட்டா, டோல் சேர்த்து ரூ.36,000. இரண்டு ரூம் ஏழு இரவு ரூ.35,000. சாப்பாடு ரூ.27,000. நுழைவுக் கட்டணம், கைடு ரூ.12,000. கையில் உபரியாக ரூ.10,000. மொத்தம் ரூ.1,45,000. சென்னை சென்ட்ரலிலிருந்து ஜெய்ப்பூருக்கு வாரம் இருமுறை நேரடி ரயில் இருக்கிறது, ஒன்றரை நாள் பயணம். முன்பதிவு 60 நாளுக்கு முன்தான் திறக்கும், அதாவது ஜூலைக் கடைசியில். சீட்டுப் பணம் வருவதும் அப்போதுதான்.

இந்த ரயில் செலவிலும் மிச்சம் பிடிக்கலாம். அப்பா ஐசிஎஃப்-காரர் என்று எழுதிவிட்டு, பாஸைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லையே! ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர்களுக்குத் தங்களுக்கும் மனைவிக்கும் இலவச பாஸ் உரிமை உண்டு. எத்தனை செட், எந்த வகுப்பு என்பது பதவியையும் பணிக்காலத்தையும் பொறுத்தது. மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நின்றுபோனது, ஆனால் பாஸ் வேறு விஷயம். டிராவல்ஸ்காரர் தலைக்கு இவ்வளவு என்று சொன்னபோது அப்பா அம்மாவின் டிக்கெட்டுக்கும் சேர்த்துத்தான் கேட்டிருக்கிறார்.

டிசம்பர் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம், கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை ராஜஸ்தானில் ரூம் வாடகை உச்சத்தில் இருக்கும். செப்டம்பர் கடைசியில் பகலில் நல்ல வெயில்தான், ஆனால் மழை முடிந்து உதய்ப்பூரின் பிச்சோலா ஏரி நிறைந்திருக்க வாய்ப்பு அதிகம். நவராத்திரி நாளில் மட்டும் ஜோத்பூர் மெஹ்ரான்கரைத் தவிருங்கள். கோட்டைக்குள் இருக்கும் சாமுண்டா தேவி கோயிலுக்கு அந்த நாட்களில் பெருங்கூட்டம் வரும்.

பயணத் திட்டத்தையும் பார்த்தேன். நான்கு ஊரையும் சுற்றி ஜெய்ப்பூருக்குத் திரும்பினால் சாலையில் 1,500 கி.மீ. வருகிறது. ஜெய்சல்மேரை விட்டுவிடுங்கள். 1156-இல் எழுப்பிய, இன்றும் உள்ளே மக்கள் குடியிருக்கிற அருமையான கோட்டைதான், மனசில்லாமல்தான் சொல்கிறேன். அதற்குப் பதில் உதய்ப்பூரிலிருந்து 115 கி.மீ.யில் சித்தோர்கர் இருக்கிறது. யுனெஸ்கோ 2013-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த ஆறு மலைக்கோட்டைகளில் அதுவும் ஒன்று. மேலே வரை வண்டி போகும், உள்ளே ஒவ்வொரு இடமாக இறங்கிப் பார்க்கலாம். மொத்தச் சுற்று சுமார் ஆயிரம் கி.மீ.யாகக் குறையும். கார் வாடகை பெரிதாகக் குறையாது, நாளுக்கு 250 கி.மீ. குறைந்தபட்சம் என்றுதான் பில் போடுவார்கள். ஆனால் அப்பாவின் இடுப்பு தப்பிக்கும்.

முழங்காலுக்கும் வழி உண்டு. மெஹ்ரான்கரில் கட்டண லிஃப்ட் இருக்கிறது, ஆமேர் கோட்டைக்கு ஜீப் போகிறது. உதய்ப்பூர் பக்கமுள்ள கும்பல்கர் கோட்டை மட்டும் செங்குத்தான ஏற்றம்; பெரியவர்கள் கீழேயே இருந்து 36 கி.மீ. நீள மதிலின் ஒரு பகுதியைப் பார்க்கட்டும். ஜெய்ப்பூரில் ஆமேர், ஹவா மஹால், ஜந்தர் மந்தர் உள்ளிட்ட இடங்களுக்குச் சேர்த்து ஒரே டிக்கெட் தருகிறார்கள். சிட்டி பேலஸ் அதில் சேராது. சித்தோர்கர், கும்பல்கர் போன்ற தொல்லியல் துறை இடங்களில் 15 வயதுக்கு உட்பட்ட மகளுக்குக் கட்டணமே கிடையாது. இதெல்லாம் உங்கள் தொகுப்பில் அடங்குமா என்று கேட்டுப் பாருங்கள். 'நுழைவுக் கட்டணம் தனி' என்ற வரி எங்காவது பொடி எழுத்தில் இருக்கும்.

எல்.டி.ஏ. விஷயத்தில் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். புதிய வரி முறையில் இருந்தால் அந்த விலக்கே கிடையாது. பழைய முறை என்றால் நான்கு ஆண்டுத் தொகுதியில் இரண்டு பயணத்துக்கு உண்டு. அடுத்த செப்டம்பர் 2026-2029 தொகுதியில் வரும். போய்வரும் டிக்கெட் கட்டணத்துக்கு மட்டும்தான், ரூமுக்கும் சாப்பாட்டுக்கும் இல்லை. பல ஊர் சுற்றினாலும் மிகத் தொலைவான ஊருக்குக் குறுகிய வழியில் ஆகும் கட்டணம்தான் கணக்கு. அப்பா பென்ஷன் வாங்குவதால் அவரை உங்களைச் சார்ந்தவர் என்று காட்டுவது கஷ்டம். மனைவி, மகளோடு சேர்த்து மூன்று டிக்கெட் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

'அவருக்கு எழுபது ஆகப்போகிறதே, தள்ளிப்போடலாமா?' என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அவருடைய டாக்டரிடம் இப்போதே பேசிவிடுங்கள். முழங்கால் ஆபரேஷன் போன்ற ஏதாவது வரப்போகிறது என்றால் பத்து மாதம் காத்திருக்க வேண்டாம். எஃப்.டி. மேல் ரூ.60,000 கடன் வாங்கி, பொங்கல் விடுமுறையை ஒட்டி நீங்களும் அப்பா அம்மாவும் மட்டும் ஜெய்ப்பூர் போய் வாருங்கள். ஜூலையில் சீட்டுப் பணம் வந்ததும் அடைத்துவிடலாம். அப்படி எதுவும் இல்லையென்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை செஞ்சிக் கோட்டைக்கு அழைத்துப் போங்கள். ராஜகிரி மலை ஏற வேண்டாம், அடிவாரத்தில் கல்யாண மஹால் வரை நடக்கட்டும். எவ்வளவு முடிகிறது என்று அவருக்கே தெரிந்துவிடும்.

கொடுத்த ரூ.5,000-க்கு ரத்து விதி என்ன என்று டிராவல்ஸிடம் எழுத்தில் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் கேட்டாலும் சரி, பதில் எழுத்தாக வர வேண்டும். செப்டம்பர் பயணத்துக்குக் காரை மட்டும் அவர்களிடமே எடுத்து அந்தப் பணத்தைக் கழிக்கச் சொல்லிப் பாருங்கள், பலர் ஒத்துக்கொள்வார்கள். மறுத்தால் போகட்டும். ஐயாயிரத்தைக் காப்பாற்ற இரண்டு லட்சத்துக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.