திருச்சி பிளைட் தாமதமானால்: தோட்டத்துக்குப் புதிதாக வந்த தம்பிக்கு

சுங்கை சிப்புட் பக்கத் தோட்டமொன்றில் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதமான ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "தீபாவளிக்கு ஊருக்குப் போகிறேன். கேஎல்ஐஏ விமான நிலையத்தில் பிளைட் மணிக்கணக்கில் தாமதமாகும் என்று பயமுறுத்துகிறார்கள். அப்படி ஆனால் சாப்பாடு, தங்க இடம் யார் தருவார்கள்? நான் என்ன செய்யணும்?"

தம்பி, முதல் வேலை இங்கேயே, டவுனிலேயே இருக்கிறது. ஏஜென்டிடம் எடுத்த டிக்கெட்டில் யாருடைய கைபேசி எண் பதிந்திருக்கிறது என்று பாருங்கள். பல நேரம் ஏஜென்டின் எண்தான் இருக்கும். நேரம் மாறினால் செய்தி அவருக்குப் போகும், உங்களுக்கு வராது. உங்கள் எண்ணையும் மின்னஞ்சலையும் போடச் சொல்லுங்கள். ஆறெழுத்துப் பதிவு எண்ணைத் தனியாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அது இருந்தால் விமான நிறுவனத்தின் செயலியில் நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது, வீட்டிலிருந்து கிளம்பும் நேரம். ஈப்போ அமான்ஜெயா பஸ் நிலையத்திலிருந்து கேஎல்ஐஏவுக்கு நேர் பஸ் இருக்கிறது. சாதாரண நாளில் நாலு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பண்டிகை வாரத்தில் தஞ்சோங் மாலிமுக்கும் ரவாங்குக்கும் இடையில் நெடுஞ்சாலை நின்று நின்று நகரும், ஆறு மணி நேரமும் ஆகலாம். பிளைட் மாலை 6 மணிக்கு என்றால் 3 மணிக்காவது கவுண்டரில் நிற்க வேண்டும். அதற்குக் காலை 8 மணி பஸ்ஸுக்கு மேல் போகாதீர்கள். முனையம் 1-ஆ, 2-ஆ என்பதையும் டிக்கெட்டில் பார்த்து இறங்குங்கள். மாறி இறங்கிவிட்டால் இரண்டுக்கும் நடுவில் ரயில் ஓடுகிறது, பயணம் சில நிமிடம்தான். ஆனால் பெட்டியோடு நிலையத்தைத் தேடிப் போய், டிக்கெட் எடுத்து, காத்திருந்து போய்ச் சேர அரை மணி போய்விடும்.

இங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். "இரண்டு மணி நேரம் தாமதம்" என்று செய்தி வந்ததும் வீட்டிலிருந்தும் இரண்டு மணி நேரம் கழித்துக் கிளம்புகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அனைத்துலகப் பயணத்துக்குப் பெரும்பாலும் ஒரு மணி நேரம் முன்பே கவுண்டரை மூடிவிடுவார்கள். தாமதச் செய்தி வந்தாலும் கவுண்டர் பழைய நேரத்துக்கே மூடலாம். தாமதம் பாதியாகக் குறையவும் செய்யும். புதிய நேரத்தை நம்பிப் பிந்தி வந்தால் பிளைட் உங்களை விட்டுவிட்டுப் போகும், பணமும் திரும்பாது. பழைய நேரத்துக்கே போய்ப் பெட்டியைப் போட்டுவிடுங்கள்.

தாமதம் ஏன் வருகிறது என்று தெரிந்தால் எவ்வளவு நேரம் இழுக்கும் என்று ஓரளவு கணிக்கலாம். நீங்கள் ஏறப்போகும் விமானம் அன்று காலையிலிருந்து வேறு ஊர்களுக்குப் போய்த் திரும்பும் விமானம். காலையில் எங்கோ முக்கால் மணி பிந்தினால், அது மாலை வரை ஒவ்வொரு பயணத்திலும் ஒட்டிக்கொண்டே வரும். ஃபிளைட்ரேடார்24 செயலியில் உங்கள் பிளைட் எண்ணைப் போட்டால், பல நேரம் அந்த விமானம் இப்போது எங்கே இருக்கிறது என்றே தெரிந்துவிடும். அது இன்னும் வேறு ஊரில் நிற்கிறது என்றால், பலகையில் என்ன நேரம் போட்டிருந்தாலும் நம்ப வேண்டாம். வந்து இறங்கியபின் ஆளை இறக்கி, துப்புரவு செய்து, எண்ணெய் நிரப்பி, மறுபடி ஏற்றவே ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும்.

அக்டோபர், நவம்பரில் கேஎல்ஐஏ இருக்கும் சிப்பாங் பக்கம் பிற்பகல் இடி மழை அடிக்கடி வரும். மின்னல் பக்கத்தில் வந்தால் திறந்தவெளியில் வேலை செய்யும் ஆட்களை உள்ளே கூப்பிட்டுவிடுவார்கள். சாமான் ஏற்றுவதும் எண்ணெய் நிரப்புவதும் நிற்கும். வெளியே மழை விட்ட பிறகும் பிளைட் நகரவில்லையே என்று கோபப்படாதீர்கள், தேங்கி நின்ற விமானங்கள் எல்லாம் வரிசையில் போகணும். தமிழ்நாட்டிலும் அதே மாதங்களில் வடகிழக்குப் பருவமழை. இதில் இன்னொன்று, விமானிகளுக்கும் சிப்பந்திகளுக்கும் வேலை நேர வரம்பு உண்டு. காத்திருந்தே அந்த வரம்பு தாண்டிவிட்டால் வேறு ஆட்கள் வர வேண்டும். மூன்று மணி நேரத் தாமதம் திடீரென்று ஆறு மணி நேரமாவது பல நேரம் இப்படித்தான்.

இப்போது நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். மலேசியாவில் 2016-ஆம் ஆண்டின் விமானப் பயணிகள் பாதுகாப்பு விதித்தொகுப்பு இருக்கிறது. இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானால் உணவு, தொலைபேசி அழைப்பு, இணைய வசதி தர வேண்டும். ஐந்து மணி நேரம் தாண்டி, இரவு தங்க வேண்டிய நிலை வந்தால் ஓட்டல் அறையும் போக்குவரத்தும் தர வேண்டும். 2024 செப்டம்பர் 2 முதல் இன்னொரு உரிமையும் சேர்ந்தது: ஐந்து மணி நேரத்துக்கு மேல் தாமதமானால், பயணம் வேண்டாம் என்று சொல்லி முழுப் பணத்தையும் கேட்கலாம், 30 நாளுக்குள் தர வேண்டும். பணம் எந்த வழியில் கட்டப்பட்டதோ அந்த வழியில்தான் திரும்பும். ஏஜென்ட் தன் அட்டையில் கட்டியிருந்தால் அவர் கணக்குக்குத்தான் போகும். அதனால் எத்தனை வெள்ளி கொடுத்தீர்களோ அதற்கு ரசீது இல்லாமல் கடையை விட்டு வராதீர்கள்.

இதெல்லாம் தானாக உங்கள் கைக்கு வரும் என்று உட்கார்ந்திருக்க வேண்டாம். இரண்டு மணி நேரம் ஆனதும் கேட் கவுண்டரில் போர்டிங் பாஸைக் காட்டி உணவுச் சீட்டு கேளுங்கள். மலாய் தெரிந்தால் போதும், ஆங்கிலம் வேண்டியதில்லை. சீட்டு எந்தக் கடையில் செல்லும், எத்தனை மணி வரை என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். அறிவிப்புப் பலகையை நேரம் தெரிகிற மாதிரி படம் எடுங்கள். கைக்காசில் சாப்பிட்டால் ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். புகார் முதலில் விமான நிறுவனத்துக்கு எழுத்தில் போக வேண்டும், அவர்களுக்கு 30 நாள் அவகாசம். தீர்வு வராவிட்டால் மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்துக்கு அனுப்பலாம். முன்பு இதைக் கவனித்த மாவ்கொம் என்ற ஆணையம் 2025 ஆகஸ்ட் 1 முதல் அதோடு இணைந்துவிட்டது, பழைய முகவரியைத் தேடி அலையாதீர்கள்.

வேலை பெர்மிட் முடிகிற நாளுக்கே டிக்கெட் எடுக்காதீர்கள், இதை அழுத்திச் சொல்கிறேன். குடிநுழைவு முத்திரை வாங்கி உள்ளே போனபின் பிளைட் ரத்தானால், விமான நிறுவன ஆளோடு திரும்பி வந்து அந்த முத்திரையைச் சரிசெய்துகொண்டுதான் வெளியே வர வேண்டும். தனியாக நடந்து வந்துவிடாதீர்கள். நாலு நாளாவது இடம்விட்டு டிக்கெட் போடுங்கள்.

சென்னை வழியாக மதுரைக்குப் போகிறவர்கள் இரண்டு பயணத்தையும் ஒரே டிக்கெட்டாக எடுப்பது நல்லது. தனித்தனி டிக்கெட் என்றால் முதல் பிளைட் பிந்தி இரண்டாவது போய்விட்டாலும் யாரும் பொறுப்பில்லை.

கைப்பையில் மாத்திரை, சார்ஜர், ஒரு சட்டை, கொஞ்சம் ரொக்கம், காலிப் போத்தல் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். சம்பாலும் நெய்யும் 100 மில்லிக்கு மேல் கைப்பையில் போகாது, பெட்டியில் போடுங்கள்.

ஊரில் கார் எடுத்து வருகிறவரிடம் மணியைச் சொல்லாதீர்கள், பிளைட் எண்ணைக் கொடுங்கள். இங்கிருந்து இந்திய நேரம் இரண்டரை மணி பின்னால், பறக்க ஏறக்குறைய நாலு மணி நேரம். இந்தக் கணக்கில் குழம்பி அப்பா அம்மா விடிய விடிய திருச்சி வாசலில் நிற்கக்கூடாது. விமானம் உண்மையிலேயே கிளம்புகிற நேரத்தில், கைபேசியை அணைக்கும் முன், "ஏறியாச்சு, கதவு மூடியாச்சு" என்று ஒரு வரி அனுப்பிவிடுங்கள். அதன் பிறகு அவர்கள் வீட்டிலிருந்து கிளம்பினால் போதும்.